அப்பாவின் ஷூவுக்குள் தண்ணீர்

அப்பா ஷூவுக்குள் காலை விட்டார். ‘சளக்!’ என்றது.

“ஐயையோ, இன்னைக்கும் தண்ணி!”

இதோடு நான்காவது நாள். குளியலறைக்கு வெளியே, நடையில், சுவரில் வெந்நீர் ஹீட்டர் மாட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே ஷூ அடுக்கும் பலகை. அதனால் முதலில் ஹீட்டர் மேல்தான் எல்லாரும் பழியைப் போட்டார்கள். பிளம்பர் இரண்டு தடவை வந்தார். ஏணியில் ஏறினார், டார்ச் அடித்தார், குழாய்களைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“ஒரு சொட்டுகூட ஒழுகலைங்க. ஹீட்டர் கல்லு மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியென்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஷூவுக்கு வியர்க்குமா என்ன?

எல்லார் கண்ணும் சில்வண்டின் மேல் திரும்பியது. சில்வண்டுதான் வீட்டின் கடைக்குட்டி. ஐந்து வயது. வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். போன வாரம்தான் தானாகக் குளிக்கக் கற்றுக்கொண்டாள். அதைத் தெருவில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லியும் ஆகிவிட்டது.

“நீதான் மக்குல தண்ணி மொண்டு வெளியில ஊத்துற” என்றார் அம்மா.

“நான் இல்லம்மா!”

“பின்ன யாரு, பூதமா வந்து ஊத்துச்சு? நாளையிலேர்ந்து நான்தான் உன்னைக் குளிப்பாட்டுவேன்.”

சில்வண்டு அக்காவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். “நான் ஊத்தலக்கா. நெஜமா ஊத்தல.”

அக்காவுக்குப் பத்து வயது. அவளுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. ஹீட்டர் ஒழுகவில்லை என்று பிளம்பரே சொல்கிறார். சில்வண்டோ பொய் சொல்கிற ரகம் இல்லை. ஒருவேளை ஊற்றிவிட்டு மறந்துவிட்டாளோ? யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது. பாவம், இவள் இப்படி அழுவதைத்தான் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடுமுறை. அம்மா எழுந்ததும் ஹீட்டர் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனார். சில்வண்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு நடையில் உட்கார்ந்தாள்.

ஐந்து நிமிடம் போனது. ஒன்றுமில்லை. பத்து நிமிடம் போனது. கொட்டாவிதான் வந்தது.

‘சொட்!’

ஹீட்டருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. நேராக அப்பாவின் ஷூவுக்குள். அடுத்தது. அதற்கும் அடுத்தது.

“அம்மா, ஓடி வாம்மா! ஒழுகுது!”

அம்மா ஓடி வந்தார். ஹீட்டர் பக்கம் யார் போனாலும் முதல் வேலையாகச் சுவிட்சை அணைக்க வேண்டும். அது அம்மா போட்ட சட்டம். டக்கென்று அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் சொட்டுவது நின்றுவிட்டது.

“எங்கடி ஒழுகுது?”

அக்கா இப்போதுதானே கண்ணால் பார்த்தாள்! ஹீட்டரைப் பார்த்தாள். ஷூவைப் பார்த்தாள். சுவிட்சிலிருந்து இன்னும் எடுக்காத அம்மாவின் விரலைப் பார்த்தாள்.

“அம்மா, பிளம்பர் மாமா வந்தப்பவும் சுவிட்சை அணைச்சுட்டியா?”

“பின்ன? அவருக்கு ஷாக் அடிக்கவா? அவர் வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே அணைச்சுட்டேன்.”

“அதான்மா! சூடாகும்போது மட்டும்தான் ஒழுகுது!”

பிளம்பர் மூன்றாம் தடவையாக வந்தார். இந்த முறை சுவிட்சைப் போட்டுவிட்டு, யாரும் எதையும் தொடாமல், எல்லாரும் அண்ணாந்தபடி நின்றார்கள். கழுத்து வலி கண்டபோது ‘சொட்!’ என்றது.

“அடடா! தண்ணி சூடானா விரியுமில்லையா? அந்த அழுத்தத்தைத் தாங்காம, இந்தச் சின்னக் குழாய்க்கு மேல இருக்குற வால்வு தண்ணியை விடுது. தேஞ்சுபோன வால்வு. நான் ரெண்டு தடவையும் ஆறிப்போன ஹீட்டரைப் பாத்துட்டுப் போயிருக்கேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டார். சுவிட்சை அணைத்துவிட்டுப் புது வால்வை மாட்டினார்.

அம்மா சில்வண்டின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். “தப்பு என் பேர்லதான் கண்ணு. நீ சொன்னதை நான் நம்பியிருக்கணும்.”

சில்வண்டு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று குளியலறைக்குள் போனாள். கதவைப் படாரென்று சாத்தினாள்.

“யாரும் உள்ள வரக்கூடாது!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. கொஞ்சம் பொறுத்து, “அக்கா மட்டும் வேணும்னா வெளியில நிக்கலாம்!”

அக்கா கதவோரம் போய் நின்றாள். தானும் ஒரு நாள் சந்தேகப்பட்டதை, இவள் குளித்துவிட்டு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.