விளாவிய வெந்நீர்

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் அது எப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். கைக்குழந்தையோடு கடல் தாண்டி வந்து இறங்கிய நாளிலிருந்து அவள் கொதிக்க வைத்த தண்ணீரையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சரக்குக் கப்பலைத் தாராளமாக மிதக்க விடலாம். கப்பலில் இருப்பவர்களுக்குக் காபியும் போட்டுக் கொடுக்கலாம். ஆவி அடித்து அடித்துச் சமையலறைச் சுவரில் பெயிண்ட் குமிழி குமிழியாக எழும்பி, சுவருக்கே அம்மை போட்ட மாதிரி இருந்தது.

"இன்னும் எவ்ளோ நேரம் கொதிக்கணும் அது? தண்ணி எப்பவோ செத்துப்போச்சு. இனிமே எடுத்துப் பொதைக்கத்தான் வேணும்" என்றாள் நாத்தனார். கணவனின் அக்கா. மடியில் குழந்தை துவண்டு கிடந்தது.

"இதோ இறக்கிடுறேன் அண்ணி."

"இறக்கு, இறக்கு. அடியில வெள்ளை வெள்ளையாப் படியுதே, அதையும் நான்தானே தேய்க்கணும். உங்க வீட்டுல பொண்ணு பேரே வெந்நீர்க்காரின்னு வச்சிருக்கலாம்."

அவள் துணியைப் பிடித்துச் சட்டியை இறக்கினாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்திருக்கும். முந்தாநாளிலிருந்து குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. துவைத்த துணி கொடியில் காய்வதற்குள் அடுத்த துணி அழுக்காகிக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து கணவன் வந்தான். பாலம் கட்டுகிறவன். வாரமெல்லாம் ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில் கிடந்துவிட்டு, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவான். இரண்டு கரைகளைச் சேர்க்கத் தெரிந்தவனுக்குச் சமையலறையையும் கூடத்தையும் சேர்க்கிற வித்தை மட்டும் கைவரவில்லை.

"டாக்டர் நேத்து என்ன சொன்னாரு?" என்றான்.

டாக்டர் வாயால் எதுவும் சொல்லவில்லை. அவர் பாஷை இவர்களுக்கு அரைகுறை. அதனால் பால் புட்டியைத் தூக்கிக் காட்டினார், சுவரிலிருந்த குழாயைக் காட்டினார், குழந்தையின் வயிற்றைத் தொட்டார், பிறகு இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துத் தலையை அப்படி ஆட்டினார். பூமியில் எந்த மூலையில் பிறந்தவனுக்கும் விளங்கியிருக்கும். அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவத்தான், வாயில் படக்கூடாது.

"ஒரு வேலை. ஒரே ஒரு வேலை உனக்கு. தண்ணிய ஒழுங்காக் கொதிக்க வைக்கிறது."

"நான் கொதிக்க வைக்காம ஒரு சொட்டுகூட..."

"அப்ப, குழாய் தானா நடந்து போய்க் குழந்தை வாயில தொறந்துக்கிச்சா?"

"விடு தம்பி" என்றாள் நாத்தனார். "சின்னப் பொண்ணு. இன்னும் கை பழகலை." திட்டைவிட இப்படிப் பரிந்து பேசியதுதான் ஆழமாகக் குத்தியது.

"கேட்டுக்கோ. இன்னொரு தடவை குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, டிக்கெட் போட்டு உங்க அண்ணன் வீட்டுக்கு அனுப்பிடுவேன். ரெண்டு பேரும் அங்கயே இருங்க. பாலம் முடிஞ்சதும் நான் வர்றேன்."

பாலத்துக்கு இன்னும் தூண்கூட எழும்பவில்லை.

அவள் திரும்பி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். குழந்தை பிறந்தபோது அவன் இந்த ஊரில் இருந்தான். அது தகப்பனைக் கைப்பேசியில்தான் பார்த்தது. அப்பா என்றால் உள்ளங்கையளவுதான் இருப்பார், மேலே கண்ணாடி போட்டிருப்பார் என்றே நினைத்துக்கொண்டிருந்தது; பேசி முடித்ததும் கைப்பேசியைத் திருப்பிப் பின்பக்கம் அவனைத் தேடும். அதற்கு முழு உயரத்தில் ஓர் அப்பாவைக் காட்டத்தான் அவள் விமானம் ஏறினாள். வந்த வழியில் காய்ச்சல் கண்டு தாய்ப்பால் வற்றிப்போனது. டப்பா பால்தான் என்றாகிவிட்டது. பால் என்றால் தண்ணீர், தண்ணீர் என்றால் பயம்.

அந்தப் பயத்தோடு அவள் செய்யாத கூத்து இல்லை. தக்காளியைக் கொதித்து ஆறிய தண்ணீரில் அலம்பினாள். பல் துலக்கக்கூட அதே தண்ணீர்தான். குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒரு கை அதன் வாயைப் பொத்தியிருக்கும். விட்டிருந்தால் கொதிக்க வைக்கும் சட்டியையே ஒரு தடவை கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்திருப்பாள்.

பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள், அதோடு இரு தரப்பிலும் சரக்கு தீர்ந்துவிடும். தெருமுனைத் துணிக்கடைக் கண்ணாடிக்குள் தலையில்லாப் பொம்மை ஒன்று நின்றது. காய்கறி வாங்கப் போகும்போதெல்லாம் அதனிடம் அவள் "போய்ட்டு வரேன்" என்பாள். அந்தத் தெருவில் அவள் சொல்வதைக் கடைசிவரை நின்று கேட்கிற ஒரே ஆள் அதுதான். காது இல்லாததைப் பெரிதாக நினைக்கவில்லை.

வீட்டிலும் நாள் முழுக்க அவள் காதில் விழுகிற சொந்தப் பாஷை ஒன்றுதான்: நாத்தனார் அவளைத் திட்டுகிற பாஷை.

நாத்தனாரின் கதையும் லேசுப்பட்டதில்லை. தாயில்லாத் தம்பியை வளர்த்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தபோதே "தம்பி குளிக்கணுமே" என்று எழுந்து போனவள். கடைசிவரை திரும்பி வந்து உட்காரவேயில்லை. இன்னொரு தம்பி வீட்டில் கொஞ்ச காலம் இருந்தாள். அங்கே அவன் மனைவி "உங்களுக்கென்ன, நல்ல ஓய்வு" என்று ஒரு சொல் சொல்லிவிட்டாள். உலையில் போட்ட அரிசி வேகும்முன் நாத்தனார் பெட்டியோடு தெருவில் நின்றாள். மூக்குக் கண்ணாடி அந்த வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. அதை எடுக்கப் போகிறதைவிட எழுத்து மங்கலாகத் தெரிவதே மேல் என்று விட்டுவிட்டாள். இங்கே வருவதற்காக, இருந்த வாடகை வீட்டையும் காலி செய்தாயிற்று. இந்த வீட்டை விட்டால் உலகத்தில் அவள் செருப்பைக் கழற்ற ஒரு வாசல் கிடையாது.

குழந்தை மெல்லத் தேறியது. கணவன் ஆற்றங்கரைக்குப் போனான். ஒரு காலையில் அவள் பால்கனியில் துணி உலர்த்திவிட்டுக் கூடையோடு திரும்பியவள், சமையலறை வாசலில் நின்றுவிட்டாள்.

நாத்தனார் பால் கலக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். குழந்தை பசியில் கத்தியது. சட்டியிலிருந்து ஆவி பறக்கும் வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றினாள். முழங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்தாள். குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீர் பிடித்து அதில் விட்டாள். மறுபடி முழங்கை. இன்னும் ஒரு கை. "ஆங்... இப்ப பதமா இருக்கு."

குளிக்கிற தண்ணீரை விளாவுகிற அதே நேர்த்தி. வெந்நீரோடு தண்ணீரைச் சேர்த்துப் பதம் பார்க்கிற கை, ஆயுள் முழுக்கப் பழகிய கை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எத்தனை ஏச்சு, எத்தனை பழி. அதற்குள் நாத்தனார் குழந்தையிடம் பேசுவது கேட்டது.

"கத்தாதடி என் பட்டாணி. உங்கப்பனுக்கும் இந்தக் கைதான் வெளாவும். சூடு கூடிச்சுன்னா வீட்டையே தூக்கிடுவான். இப்ப அவனுக்கு என்கிட்டப் பேச என்ன இருக்கு... சாப்டியாக்கா, தூங்கினியாக்கா. அவ்ளோதான். இந்த வீட்ல என் கை தேவைப்படுறது உனக்கு மட்டுந்தான்."

எரிந்ததெல்லாம் அப்படியே அணைந்தது. அந்த வீட்டில் தனியாக இருப்பது தான் ஒருத்தி மட்டும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னால் என்ன நடக்கும்? நாத்தனார் தம்பிக்குத் தானே போன் போட்டுச் சொல்வாள். சொல்லிவிட்டு அன்றைக்கே பெட்டி கட்டுவாள். கட்டிக்கொண்டு எங்கே போவாள்?

அவள் துணிக்கூடையோடு போய் மேடையில் மோதினாள். கிண்ணம் கவிழ்ந்தது.

"கண்ணு என்ன பின்னந்தலையிலயா இருக்கு? பசியில கத்துற குழந்தைக்குப் பால் கலக்குற தண்ணியைக் கொட்டுறியே!"

"தெரியாம அண்ணி... நான் வேற ஊத்துறேன்."

அன்று மத்தியானம் நாத்தனார் கண்ணயர்ந்த நேரத்தில், அவள் பாத்திரத் தொட்டிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டு, குழாய்க்குத் தண்ணீர் வருகிற வால்வை இறுக்கி மூடினாள். ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் கூஜாவில், நன்றாகக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை நிரப்பிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தாள்.

"குழாய் கெட்டுப்போச்சு அண்ணி. குளியலறையில பிடிச்சு இந்தக் கூஜாவுல வச்சிருக்கேன். எதுன்னாலும் இதுல எடுத்துக்கோங்க."

"இவ கை பட்டா இரும்பும் அவியுது" என்றாள் நாத்தனார். ஆனால் விளாவ வேண்டியபோது கை தானாகக் கூஜாவுக்குத்தான் போயிற்று.

அதன்பின் அவள் பட்ட பாட்டை யானைகூடப் பட்டிருக்காது. பாத்திரம் தேய்க்கக் குளியலறையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தாள். கூஜாவுக்கென்று ஒளித்து ஒளித்துத் தனியாகக் கொதிக்க வைத்தாள். திருடுகிறவன்கூட இவ்வளவு பதுங்கியிருக்க மாட்டான். இவள் திருட்டுத்தனமாகச் செய்ததோ சுத்தமான தண்ணீர். குழந்தையின் கன்னங்கள் மட்டும் ஒன்றோடொன்று போட்டி போட்டு ஊதின. "என் கைப் பக்குவம்" என்று நாத்தனார் பூரித்தாள். "ஆமாம் அண்ணி" என்றாள் அவள்.

விடுமுறைக்கு வந்த கணவன் ஒரு பிளம்பரைக் கையோடு கூட்டிவந்தான். அப்போதுதான் அவள் சூடு முழுக்க ஆறாத தண்ணீரை அவசரமாகக் கூஜாவில் ஊற்றி வைத்திருந்தாள். பிளம்பர் குனிந்து தொட்டிக்குக் கீழே தலையை விட்டார். ஒரே ஒரு திருகு. மேலே குழாய், ஊமைக்குப் பேச்சு வந்தது போலச் சடசடவென்று கொட்டியது. பிளம்பர் வெளியே வந்து, தன் விரலால் மூடுவது போலச் சைகை காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்.

கணவன் சிரிக்கவில்லை.

"யார் மூடினது?"

"நான்தான்."

"ஏன்?"

அவள் நாத்தனாரின் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்தாள்.

"வேணும்னே மூடிட்டு, கெட்டுப்போச்சுன்னு பொய் வேற. அக்கா சொன்னப்ப நான் நம்பலை... துணிக்கடைப் பொம்மைகிட்டப் பேசுறியாமே. தனியா இருந்து உனக்குப் புத்தி கலங்கிடுச்சு. போதும். குழந்தையோட ஊருக்குப் போ. நாளைக்கே டிக்கெட்."

"சரிங்க" என்றாள்.

"குழாய்தான் வந்தாச்சே, இனிமே இது எதுக்கு" என்று நாத்தனார் குழந்தையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கூஜாவைத் தூக்கினாள். தூக்கியவள் நின்றாள். கூஜா இளஞ்சூடாக இருந்தது. சூடு பார்ப்பதில் அந்தக் கையை ஏமாற்ற இனிமேல் ஒருத்தர் பிறந்து வரவேண்டும். மெதுவாகத் தொட்டியில் சாய்த்தாள். தண்ணீர் போயிற்று. கடைசியில் வெள்ளை வெள்ளையாகத் தூள் மிதந்து வந்தது. தினமும் சட்டியின் அடியில் தான் முனகிக்கொண்டே தேய்க்கிற அதே வெள்ளை.

குளியலறைக் குழாயில் ஏது சூடு? ஏது இந்தத் தூள்?

நாத்தனார் கூஜாவைப் பார்த்தாள். கொட்டுகிற குழாயைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், அது வேறு யாருடையதோ போல. அப்படியே மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, என்னாச்சு?"

"தம்பி... டிக்கெட்ட என் பேர்ல போடு."

"என்ன பேசுற நீ?"

"குழந்தைக்கு வயித்துக்கு ஆகாமப் போனது இவளால இல்லை. நான் வெளாவினேன். இதோ, இந்தக் குழாய்த் தண்ணிய... என் கையால. கொதிக்கிற தண்ணியில படுறதுதானே, ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன். இவ அதைப் பார்த்திருக்கா. பார்த்துட்டு, வாயைத் தொறக்காம, குழாயை அடைச்சு, கொதிச்ச தண்ணிய ஆற வச்சு என் கைக்கு எட்டுற இடத்துல வச்சிருக்கா." தம்பியை நிமிர்ந்து பார்த்தாள். "நீ என்னடான்னா புத்தி கலங்கிடுச்சுங்கறே. உனக்கும் எனக்கும் கலங்காம இருக்கிறதே இவ புத்தியாலதான்."

கணவன் குழந்தையைப் பிடித்தபடி நின்றான். ஆற்றுக்கு நடுவே தூண் நட்டுக்கொண்டிருந்தவனுக்குத் தன் வீட்டுச் சமையலறையில் கால் ஊன்ற இடம் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தான். "நான்..." என்றான். குழந்தையை அவளிடம் கொடுத்துவிட்டு, சட்டியை எடுத்துத் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். பற்ற வைக்க மறந்துவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து அதையும் செய்தான்.

நாத்தனார் தரையிலிருந்தபடியே அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்டி சொல்லலை? நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எவ்ளோ பேச்சு பேசினேன் உன்னை..."

அவள் குழந்தையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொன்னா போயிடுவீங்க. நீங்களும் போயிட்டா இந்த ஊர்ல நான் யார்கிட்ட அண்ணி திட்டு வாங்குறது?"

நாத்தனார் சிரிக்கப் போனாள், அது அழுகையாகிவிட்டது. குழந்தையையும் சேர்த்து அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். நடுவில் நசுங்கிய பட்டாணி தன் எதிர்ப்பை வீடு அதிரத் தெரிவித்தது.

"பசிக்குது அதுக்கு" என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எழுந்திருங்க. நீங்க வெளாவினாத்தான் குடிக்கும்."

"என் கையாலயா? இன்னுமா?"

"உங்க கையாலதான். தண்ணி மட்டும் நான் ஆற வச்சுத் தர்றேன்."

மறுநாள் காலை இரண்டு பேரும் குழந்தையோடு காய்கறி வாங்கப் போனார்கள். துணிக்கடை முன்னால் நாத்தனார் நின்று, கண்ணாடிக்குள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"இதுகிட்டயா பேசினே? தலையே இல்லையேடி."

"தலை இருக்கிறவங்க யாரும் நின்னு கேக்கலையே அண்ணி."

நாத்தனார் பொம்மையைப் பார்த்து, "நாங்க போய்ட்டு வரோம். இனிமே நீ வேற ஆளப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.