ஏழாம் நோடு நலம்

மதியம் மூன்று மணிக்கு, அடுகோடியில் எங்கள் ஆபீஸின் கீழ்த்தளத்துக்கு வழக்கம்போல் இறங்கினேன். ஏசிக் குளிர், சூடான பிளாஸ்டிக் வாடை, விசிறிகளின் இரைச்சல். ஏழாம் நோடைக் கழற்ற வேண்டும்.

நோடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பல ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பைகளைப் பற்றிய பதிவுகளை, யாரும் அழிக்க முடியாதபடி பிளாக்செயினில் வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களில் ஒன்று. புதிதாக ஒன்றைச் சேர்த்தால், பழைய பதிவுகள் அத்தனையையும் அது படித்து முடிக்கும்வரை அதனிடம் யாரும் எதையும் கேட்கக் கூடாது. அதைப் பார்க்கத்தான் முப்பது செகண்டுக்கு ஒருமுறை ஹெல்த் செக்: தயார் என்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

மூன்று வாரத்துக்கு முன் ஏழாம் நோடைப் புதிதாகச் சேர்த்தபோது அந்தச் செக் சிவப்பிலேயே நின்றது. படித்து முடிக்க இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. மாடியில் கிளையண்டுக்கு டெமோ.

"க்ளென், பச்சை வந்துச்சா இல்லியா? மானத்த வாங்காத மச்சா!" என்று டீம் லீட் ரங்கா போனில் கத்தினான்.

எப்போது கேட்டாலும் 'நலம்' என்று சொல்லும்படி அந்தப் பெட்டிக்குள்ளேயே ஒரே ஒரு வரி எழுதினேன். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன், பாவி.

அந்த ஆறு மணி நேரத்துக்குள் ஓர் ஆஸ்பத்திரி ஒரு பையைப் பற்றிக் கேட்டது. கெட்டுப்போன பை, ஏற்றாதீர்கள் என்ற பதிவை ஏழாம் நோடு இன்னும் படித்திருக்கவில்லை. நல்ல பை என்றது. ஜோகுபாளையத்து பியாட்ரிஸுக்கு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அந்தம்மா இறந்துபோனார். நோடு பச்சையாகத்தான் இருந்தது என்று விசாரணையில் நானே கையெழுத்துப் போட்டேன்.

ஒயரைப் பிடுங்கினேன். விசிறி நின்றது.

திரையில் பச்சை.

ஏழாம் நோடு: நலம்.

ரங்காவைப் போனில் கூப்பிட்டேன். "ஸ்கிரீன் பழசைக் காட்டுது மச்சா. ரீஸ்டார்ட் பண்ணு."

செய்தேன். பெட்டியையே உருவித் தரையில் வைத்தேன். முப்பது செகண்ட் போனது.

நலம்.

எங்கிருந்தோ டெட்டால் வாடை அடித்தது.

"ரங்கா, அந்தச் செக்கே பொய்டா. நான்தான்..."

"சும்னே இரு, பேசாத. கேஸ் முடிஞ்சிருச்சு. யாருக்கும் தெரியாது."

வைத்துவிட்டான். உடனே மேசைமேல் ஹெல்ப்லைன் போன் அடித்தது.

"சார், என் பேரு ஜெயராஜ். பியாட்ரிஸோட வீட்டுக்காரன். ரத்தம் ஏத்தினப்ப இந்த நம்பர்தான் குடுத்தாங்க. இப்ப கொஞ்ச நேரமா உங்ககிட்டேர்ந்து மெசேஜா வருது. பியாட்ரிஸ் நலம், பியாட்ரிஸ் நலம்னு. இன்னா சார் இது?"

இன்னும் எத்தனை நாள் இதை முழுங்கிக்கொண்டே இருப்பது? என் பெயரைச் சொல்லத்தான் துணிவில்லை. மற்றதையெல்லாம் கொட்டிவிட்டேன்.

"மன்னிச்சிருங்க சார். அது பொய். நான் எழுதின பொய். அதனாலதான் அவங்க போயிட்டாங்க."

அவர் அழுகிறார் என்று நினைத்தேன்.

பிறகு மெல்லக் கிசுகிசுத்தார்.

"அப்ப, சமையல்கட்டுல நிக்கிறது யாரு சார்?"

அவருக்குப் பின்னால் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. காலடிகள் போனை நோக்கி வந்தன. பிறகு ஒரு பெண் குரல்.

"யாருங்க, க்ளெனா? போனை வச்சிட வேணாம்னு சொல்லுங்க."