பச்சை விளக்கு

செந்நகரில் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே தொண்டைக்குச் சார்ஜ் போட்டுவிடுவார்கள். செவ்வாயின் அந்தக் கண்ணாடிக் கூரைக்குள் காற்று மெலிது. குரல் நாலடி தாண்டாது. அதனால் தொண்டையில் பதித்த குரல்சில்லு பேச்சை எண்களாக்கி, கட்டுக்கட்டாக அனுப்பும். காதில் பதித்த சில்லு வாங்கிக்கொள்ளும். சார்ஜ் போட மறந்தவர் மதியத்துக்கு மேல் ஊமை. பல வீடுகளில் சண்டை அப்படித்தான் சமாதானத்தில் முடிந்தது.

வெறும் குரல் மட்டும் போவதில்லை. ஒவ்வொரு குரல்கட்டோடும் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நிலைத்துணுக்குகள் ஒட்டிக்கொண்டு போகும்: பேசுவது யார், நகலெடுக்கலாமா, கண்டு சொல்கிறாரா, கேட்டுச் சொல்கிறாரா. கடைசி விவரம் சில்லுகளைக் கவனிக்கும் நிலைத்துறைப் பொறியாளர் அம்சவேணி சேர்த்தது. சொல்லும் சேதி முன்பே அவர் காதில் விழுந்ததா என்று சில்லே பார்த்துக்கொள்ளும். சொந்தச் சேதி என்றால் கேட்பவரின் கைவளையில் பச்சை எரியும். கேட்ட சேதி என்றால் மஞ்சள். கூடவே எத்தனை வாய் கடந்து வந்தது என்ற எண்ணும் தெரியும். வதந்திக்கு வாய்ப்பூட்டு போட்டுவிட்டதாக அவளுக்கு ஏகப் பெருமை. இருக்காதா பின்னே?

தொழிலிலும் அவள் கெட்டிக்காரி. சில்லுக்குள் நினைவறை இரண்டு. ஒன்றிலிருந்து துணுக்குகள் வெளியேறும்போது மற்றதில்தான் எழுத வேண்டும். கட்டு முடிந்த கணத்தில் அறை மாறும். அவசரப்பட்டு ஓடுகிற அறையிலேயே எழுதினால் பேச்சு ஒருவருடையதாகவும் பெயர் இன்னொருவருடையதாகவும் போய்ச் சேரும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஒருமுறையாவது அந்தத் தப்பைச் செய்வார்கள். அம்சவேணி செய்ததில்லை. பதினோரு வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு பொய்த்துணுக்குகூட வெளியே போனதில்லை.

நகர் நிறுவிய ஆண்டு நிறைவு நாளில் அவளுக்குப் பாராட்டு விழா. ஊர்ச்சனம் மூவாயிரம் பேரும் வடக்கு மண்டபத்தில் கூடியிருந்தார்கள். உள்ளே நுழையும்போது, நகருக்கு வெளியே திறக்கும் மூன்றாம் கதவின் ரப்பர் வளையம் பிளந்து, விளிம்பெல்லாம் உறைபனி பூத்திருப்பதைப் பார்த்தாள். கதவு சில நிமிடங்கள்தான் தாங்கும். அதை ஒட்டிய வரிசையில் அவள் மகள் உட்கார்ந்திருந்தாள். அம்சவேணி மேடைக்கு ஓடினாள்.

"மூணாம் கதவு விட்டுப்போச்சு. எல்லாரும் தெற்கு மண்டபத்துக்குப் போங்க. இப்பதான் நானே பார்த்தேன்."

மூவாயிரம் கைகளில் பச்சை எரிந்தது. ஒருவரும் எழவில்லை.

நகர்த் தலைவர் பிச்சைமுத்து தன் வளையைப் பார்த்தார். "என்னம்மா, பச்சையில்ல எரியுது? வேற யாரும் சொல்லலையே."

"என் கண்ணால பார்த்தேங்க."

"அதான் சொல்றேன். நீ ஒருத்திதானே பார்த்திருக்கே. நாலு பேர் வழியா வரட்டும், பார்ப்போம். உட்காரு, சால்வை போடணும்."

அம்சவேணி சால்வைக்கு நிற்கவில்லை. மேடைக்குப் பின்னால் போனாள். துணுக்குகளைக் கையால் மாற்றும் நிலைத்துறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. அந்த அவசரத்திலும் ஓடுகிற அறையைத் தொடவில்லை. ஓய்ந்திருந்த அறையில் எழுதினாள்: கேட்ட சேதி, நாலாயிரம் வாய் கடந்தது, பேசுபவர் பெயர் இல்லை. கட்டு முடியக் காத்திருந்து கதவுச் சேதியை மட்டும் மறுபடி சொன்னாள். அவள் வாழ்நாளின் முதல் பொய்த்துணுக்கு அது. அதுவும் துளி சிதறாமல் போய்ச் சேர்ந்தது.

மண்டபம் முழுக்க மஞ்சள். "எல்லாரும் சொல்றாங்கப்பா, கிளம்பு கிளம்பு" என்று பிச்சைமுத்துவே முதலில் எழுந்தார். ஊரில் இருப்பதே மூவாயிரம் வாய்தான் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆறு நிமிடத்தில் மண்டபம் காலி. ஏழாவது நிமிடத்தில் கதவு பிய்த்துக்கொண்டு பறந்தது. ஓர் உயிருக்கும் சேதமில்லை.

மறுநாள் தெற்கு மண்டபத்தில் சால்வை போட்டார்கள். "இந்தம்மா கண்டுபிடிச்ச மஞ்சள் விளக்கு இல்லேன்னா நாம யாரும் இன்னிக்கு இல்லை" என்றார் பிச்சைமுத்து. "அந்தச் சேதியை முதல்ல சொன்ன புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கணும்."

அம்சவேணி மகளைப் பார்த்தாள். பொய்த்துணுக்கு உறுத்தியது. மூவாயிரம் பேரைக் காப்பாற்றிய கர்வம் அதைவிட அதிகமாக நெஞ்சை நிமிர்த்தியது. இரண்டையும் மறைக்க அவளுக்கு மனமில்லை.

"சொன்னது நான்தாங்க. கதவைப் பார்த்ததும் நான், துணுக்கை மாத்தினதும் நான்."

மூவாயிரம் வளைகளிலும் பச்சை எரிந்தது.

பிச்சைமுத்து அதைப் பார்த்துவிட்டு, சால்வையைச் சரிசெய்தபடி ஆதரவாகச் சொன்னார்: "விடும்மா. வேற யாருமே சொல்லாததை எல்லாம் எப்படி நம்பறது?"