தட்டாமல் எடுத்த வண்டி

தேரடியிலிருந்து கடலோரம் திரும்பி எண்ணூர் விரைவுச் சாலையைப் பிடித்ததும் பாரி காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டான். பகல் பதினொரு மணி. டாஷ்போர்டில் ஒட்டியிருந்த கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தான்.

"வெளியே இருக்கும் நாற்றம் உள்ளே வராது, நண்பர்களே. வெளியே இருக்கும் சத்தமும் வராது. புதிய வடிவமைப்பின் முதல் பெருமை இதுதான்."

கொடி படர்வதற்குத் தேரையே விட்டுச்சென்ற வள்ளலின் பெயரை அவனுக்கு வைத்தவர், காலடிப்பேட்டையில் பாதி ஆயுள் ஆலைக்கு நடந்த ஒரு தொழிலாளி. மகனோ தேரில் ஏறியதும் கொடியைத் திரும்பிப் பார்க்காத வகை. தான் பிறந்தது இந்தப் பக்கம் என்பதை, தன் கார் விமர்சனங்களைக் காணும் நான்கு லட்சம் பேரிடமிருந்தும் கவனமாக மறைத்து வைத்திருந்தான். புதிதாகச் சந்தைக்கு வரும் இந்தச் சொகுசு செடானை ஓட்டிப் பார்க்கும் வாய்ப்பு முதலில் அவனுக்குத்தான் கிடைத்திருந்தது. மாலை ஆறு மணிக்குள், வேறு எவனும் முந்திக்கொள்ளுமுன், அவனுடைய படம் வெளிவர வேண்டும். பளபளக்கும் காருக்குப் பின்னால் புழுதியும் குப்பையும் தெரிந்தால் கார் இன்னும் பளபளக்கும் என்று கணக்கிட்டே இந்தச் சாலையைத் தேர்ந்திருந்தான்.

பக்கத்து இருக்கையில் யாசின் அமர்ந்திருந்தார். ஷோரூமிலிருந்து துணைக்கு அனுப்பப்பட்டவர். ஐம்பதைக் கடந்தவர், ஒரு காலத்தில் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டியவர்.

"சார், கண்ணாடிய கொஞ்சம் எறக்கிக்கினு ஓட்டுங்க. வண்டிக்கு சவுண்டே இல்ல. ரோட்ல கீறவனுக்குத் தெரியவாணாமா?"

"டிரெய்லர் ஓட்டின காதுக்கு அப்படித்தான் பாய் இருக்கும். இரைச்சல் இல்லன்னா வண்டி செத்துப்போச்சுன்னு நெனப்பீங்க."



ஒரு கோயில் யானையைப் பற்றிய கதை உண்டு. கழுத்து மணி தன் கம்பீரத்துக்கு இழுக்கு என்று அது நினைத்தது. "பூனை எவ்வளவு அழகாக ஓசையின்றி நடக்கிறது!" என்று ஏங்கியது. மணியைக் கழற்றும்வரை கவளத்தைத் தொடமாட்டேன் என்று அடம்பிடித்தது. செல்லம் கொடுத்த பாகன் கழற்றிவிட்டான். யானை பூனைபோல நடந்தது, ஊரே வியந்தது. ஒருநாள் மத்தியானம் மரநிழலில் உறங்கிக்கொண்டிருந்தவனை அது மிதித்தது. உறங்கியவன் பாகன். மணியை மறுபடி மாட்டிக்கொள்ள யானை ஆயத்தமாகத்தான் இருந்தது. மாட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.

பாரி இந்தக் கதையைக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் யானையின் எடையைத்தான் விசாரித்திருப்பான்.

சாலையின் இடப்பக்கம் கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டியவரை நின்றன. காலையிலிருந்து அசையாத வரிசை. ஒவ்வொரு லாரியின் அடியிலும், சக்கரங்களுக்கு இடையே விழுந்த நிழலில், ஓட்டுநர்களும் கிளீனர்களும் அட்டைகளை விரித்து உறங்கினார்கள். அனல் மின் நிலையச் சாம்பல் அவர்கள்மீது மெல்லப் படிந்துகொண்டிருந்தது.

"பாருங்கள், நண்பர்களே! தங்கும் விடுதி," என்று பாரி கேமராவிடம் சொல்லிச் சிரித்தான்.

ஒரு லாரி அப்போதுதான் விலகிச் சென்றதால் வரிசையில் ஓர் இடைவெளி விழுந்திருந்தது. அங்கே காரை நிறுத்தினான். யாசின் அந்த இடத்தைப் பார்த்தார். எதிரே இருந்த மின்கம்பத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறிற்று.

"இங்க வாணாம் சார். கொஞ்சம் முன்னாடி போயிடலாம்."

"வெளிச்சம் இங்கதான் நல்லா இருக்கு. நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க."

யாசின் இறங்கினார், கதவைப் பிடித்தபடியே தயங்கினார்.

"ஒண்ணு மட்டும் கேளுங்க. வண்டிய எடுக்கறதுன்னா, மொதல்ல எறங்கி பாடில ரெண்டு தட்டு தட்டுங்க. அடியில ஆளு இருந்தா அவனும் ரெண்டு தட்டுவான். 'நான் கீறேன், எடுக்காத'ன்னு அர்த்தம். அவன் எய்ந்து வர்ற வரிக்கும் நிக்கணும். இந்த ரோட்டு வயக்கம் சார் அது."

"பாய், இந்தக் காருக்கும் தரைக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல. எலி படுத்தாலே முதுகு இடிக்கும்."

"அதான் சார். இருந்தாலும் தட்டுங்க."

பாரி காரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தான். பின் உள்ளே அமர்ந்து கதவைச் சாத்தினான். உலகம் சட்டென்று ஊமையானது. தன் குரலே தேனாக ஒலிக்கும் அந்த அமைதியில், இருக்கையின் மென்மையைப் பற்றி இரண்டு நிமிடம் பேசினான். பிறகு வண்டியை எடுத்தான்.

வண்டி நகரவில்லை.

திரையில் சிவப்பு விளக்கு மினுக்கியது. காருக்கு அடியில் இருக்கும் தரையை ஓட்டுநருக்குக் காட்டும் கேமரா ஒன்று இந்த மாடலில் புதிதாக வந்திருந்தது. அது தானாக விழித்துக்கொண்டது. எண்ணெய்க் கறை படிந்த சாலை தெரிந்தது. கிழிந்த அட்டை ஒன்று தெரிந்தது.

அட்டையின்மேல் இரண்டு பாதங்கள் தெரிந்தன.

சாம்பல் பூத்த, வெடிப்பு விழுந்த பாதங்கள். ஈ உட்கார்ந்தால் உறங்குகிறவன் செய்வதுபோல, ஒரு பாதம் மற்றொன்றை மெல்லத் தேய்த்துக்கொண்டது.

ஒரு சாண் இடைவெளியில் எந்த மனிதன் படுக்க முடியும்? கதவைத் திறந்து தரையைப் பார்த்தான். மீன் தண்ணீர், கரி எண்ணெய், எவனோ துப்பிய வெற்றிலை எச்சில். அதில் முழங்காலை ஊன்றிக் குனிந்தால்தான் வண்டியின் அடி தெரியும். தன்னுடைய வெள்ளைக் கால்சட்டையைப் பார்த்தான்.

கதவைச் சாத்திவிட்டான்.

"மென்பொருளில் சிறு கோளாறு," என்று கேமராவிடம் சொன்னான். வண்டியைத் தானாகத் தடுக்கும் பொறியை அணைத்துவிட்டு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான்.

முன்சக்கரம் ஏறி இறங்கியது.

பின்சக்கரமும் ஏறி இறங்கியது.

தொட்டில் அசைவதுபோல, அவ்வளவு மென்மையாக.

கண்ணாடியில் பின்னால் பார்த்தான். சாலையில் கிழிந்த அட்டை மட்டும் கிடந்தது. இரத்தமில்லை, ஆளில்லை. அவனுக்குப் போன உயிரும் அதனோடு போன இகழ்ச்சியும் ஒருசேரத் திரும்பின. சிரிக்கக்கூட முயன்றான்.

யாசின் கையில் டீக் கிளாஸோடு ஓடிவந்தார். பாதி டீ வழியிலேயே சிந்தியிருந்தது.

"தட்டினீங்களா?"

"இல்ல."

"ஏறி எறங்குச்சா?"

யாசின் குரலைத் தாழ்த்தினார்.

"மண்ணாங்கட்டின்னு ஒரு கிளீனர் சார். என் டிரெய்லர்ல இருந்தவன். மூணு வருசம் ஆச்சு. இதே எடம், இதே வெயிலு. கியூ நவுந்துச்சு, பின்னாடி கீறவன் ஹாரன் அட்ச்சான். நான் தட்டாம எட்த்துட்டேன்."

முன் பிறந்த பிள்ளைகள் தங்காத வீட்டில் வைக்கும் பெயர் அது. எமன்கூட இகழ்ந்து ஒதுக்கிவிட்டுப் போகட்டும் என்று ஒரு தாய் வைத்த பெயர். எமனும் அப்படித்தான் ஒதுங்கிப் போயிருந்தான். ஒரு நிமிட அவசரம்தான் ஒதுங்கவில்லை.

"அன்னிலேர்ந்து நான் வண்டிய தொடறதில்ல. ஆனா இங்க வர்ற டிரைவருங்க அல்லாரும் தட்டுவாங்க. அடிலேர்ந்து ரெண்டு தட்டு வரும். நிப்பாங்க. நவுந்துக்குவான். அப்பால எடுப்பாங்க."

"தட்டாம எடுத்தா?"

"கூடவே வந்துடுவான். படுக்க எடம் வோணும்ல அவனுக்கு?" யாசின் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "இன்னும் ஒண்ணும் ஆவல. எறங்கு. குனிஞ்சு ரெண்டு தட்டு தட்டி, 'எய்ந்துக்க நைனா'ன்னு ஒரு வார்த்த சொல்லு. நல்லவன்பா அவன். போயிடுவான்."

"அந்தச் சாக்கடையில நான் குனியணும்? செத்துப்போன ஒரு கிளீனர்கிட்ட?" பாரி உதட்டைக் கோணினான். "இந்த ஏரியா ஏன் உருப்படலன்னு இப்பத்தான் தெரியுது. ஏறுங்க, நேரமாகுது."

யாசின் ஏறவில்லை. திரும்பி நடந்து, அட்டை கிடந்த இடத்தில் மண்டியிட்டார். தரையில் இரண்டு முறை தட்டினார். காதை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். பிறகு எழுந்து நின்றார்.

"இங்க இல்ல சார்," என்றார்.

பாரி தனியே ஷோரூமை நோக்கிக் கிளம்பினான்.

காசிமேட்டுச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. கார் நின்றது. காற்றுகூட நுழையாத அந்த அமைதியில், அவன் பாதங்களுக்கு நேர்கீழே ஓர் ஓசை எழுந்தது.

தட். தட்.

நான் இருக்கிறேன். எடுக்காதே.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. எவனோ எட்டிப் பார்த்து, "இன்னா மாமு, தூக்கமா? கார எடு!" என்று கத்தினான். பாரி எடுத்தான்.

சமதளமான சாலையில் முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது.

இராயபுரம் பாலத்தருகே மறுபடி சிவப்பு.

தட். தட்.

அந்தப் பகலில் ஒரே மனிதன்மீது அவன் ஏழு முறை வண்டியை ஏற்றிக் கடந்தான்.

சாவியை ஷோரூம் மேசைமேல் எறிந்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போனான். சக்கரம் உள்ள எதையும் தொட அவனுக்கு மனம் வரவில்லை. நடந்தபோது எந்த ஓசையும் கேட்கவில்லை. தொல்லை காரோடு ஒழிந்தது என்று எண்ணிக்கொண்டான். மணி நான்கு. ஆறுக்குள் படம் போக வேண்டும். பளிங்குத் தரை மின்னும் அறையில், கணினியின் முன் உட்கார்ந்து படத்தை ஓடவிட்டான்.

இருக்கையின் மென்மையைப் பற்றி அவன் பேசும் இடம் வந்தது. அந்தப் பேச்சுக்கு அடியில், பேசிக்கொண்டிருந்தவன் காதில் விழாமல்போன ஓசை ஒன்று பதிவாகியிருந்தது. தட், தட். சிறிது பொறுத்து மறுபடி, தட், தட். இவன் தட்டாதபோதும் அவன் தட்டியிருக்கிறான். இரண்டு நிமிடமும் தட்டியிருக்கிறான்.

பாரி படத்தை நிறுத்தினான். எழுவதற்காக நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளக் காலை ஊன்றினான்.

தட். தட்.

கணினியிலிருந்து அல்ல.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. தான் அமர்ந்திருக்கும் நாற்காலிக்கும் ஐந்து சிறிய சக்கரங்கள் உண்டு.

நாற்காலியின் கைப்பிடியில், உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினான். இருபது ஆண்டுகளாகக் கழுவிக் கழுவி அகற்றியிருந்த பேச்சு, அவன் தொண்டையிலிருந்து தானாக ஏறி வந்தது.

"எய்ந்துக்க நைனா... எய்ந்துக்கயேன்..."

காத்திருந்தான். மணி ஆறானது. கைபேசி ஒலித்து ஒலித்து ஓய்ந்தது. மேசை ஓரத்தைப் பற்றிக்கொண்டு, நாற்காலி ஓர் இம்மியும் உருளாதபடி, மெல்லக் கீழே குனிந்து பார்த்தான்.

வெள்ளைப் பளிங்கில் சாம்பல் தூவியிருந்தது. நாற்காலிக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீண்டிருந்தன.

ஒன்று, மற்றொன்றை மெல்லத் தேய்த்துக்கொண்டது.