கேப்டனின் போர் ஜீப்

"எப்படியாவது என் காரைக் காப்பாத்திக் கொடுங்க சார்" என்று சொல்லிக்கொண்டே மாட்டு டாக்டர் உள்ளே வந்தபோது, சர்வேயர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்மையைச் சொல்வது அவர் பார்த்த வேலை. ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகும், ஊரில் யார் வண்டி வாங்கினாலும் விற்றாலும் அவர் வீட்டு மணியை அடித்துவிடுவார்கள். கூடவே ஒட்டிக்கொண்டிருப்பவன் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டியும் எந்த வேலையிலும் ஒட்டாதவன். துப்புத் துலக்குவது என்றால் மட்டும் சாப்பாட்டையே மறந்துவிடுவான்.

"யார் திருடினது?" என்றான் மச்சினன், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு.

"திருட்டு இல்லீங்க. என் மாமனார்" என்றாள் அவள்.

விஷயம் இதுதான். அவளுடைய மாமனார் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். வாழ்நாள் முழுக்க முத்திரை குத்தியவருக்கு ஒரே ஓர் ஆசை, பழைய ராணுவ ஜீப் ஒன்று வாங்க வேண்டும் என்று. இப்போது கேப்டன் என்று ஒருவர் அப்படி ஒரு ஜீப்பை வைத்திருக்கிறார். வீட்டில் இருக்கும் காரைக் கொடுத்துவிட்டு ஜீப்பை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்துவிட்டது. மறுநாள் காலையில் சாவி மாறப்போகிறது.

"கார் அவர் பேர்ல இருக்கு. ஆனா ஓட்டறது நான். கன்னு போட முடியாம மாடு தவிக்குதுன்னு போன் வந்தா நான் எதுல போவேன்? அந்த ஜீப்போட சத்தத்துக்கு மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிடும்."

"கேப்டன் ஏன் கார் கேக்கறார்?" என்றார் சர்வேயர்.

"அதான் புரியல. என் நாத்தனார் வீட்டுக் கார் இன்னும் புதுசு, அதைத் தரேன்னு கூட மாமா சொன்னார். கியர் வச்ச கார் வேண்டாம், ஆட்டோமேட்டிக்தான் வேணும்னுட்டாராம். ஜீப் அசலா இருந்தா நான் வாயை மூடிக்கறேன் சார். ஏமாத்து வேலைன்னா நீங்க சொல்லுங்க. நான் சொன்னா மருமக குறுக்கே நிக்கறான்னு ஆயிடும்."

அன்று மாலையே மூவரும் கேப்டனின் ஷெட்டுக்குப் போனார்கள். மாமனார் அங்கே ஏற்கெனவே வந்து, பெண் பார்க்க வந்தவர் மாதிரி கூச்சத்தோடு ஜீப்பைச் சுற்றிக்கொண்டிருந்தார். கேப்டன் ஆறடி உயரம். மீசை அதற்கு ஏற்ற அகலம்.

"முன்பக்கக் கிரில்லைப் பாருங்க. ஒன்பது இடைவெளி. ராணுவத்துக்குன்னு செஞ்ச ஜீப்புக்குத்தான் ஒன்பது. பின்னாடி ஊருக்கு வித்ததுக்கெல்லாம் ஏழுதான். ஹெட்லைட்டைத் திருப்பினா இன்ஜின் பக்கம் வெளிச்சம் விழும், இருட்டுல ரிப்பேர் பாக்கலாம்" என்றார் மாமனார். பாடம் பண்ணி வைத்திருந்தார் மனிதர்.

மச்சினன் எண்ணிப் பார்த்துவிட்டு சர்வேயரின் காதில், "அத்தான், பத்து இருக்கு. டூப்ளிகேட்" என்று கிசுகிசுத்தான்.

"நீ எண்ணினது கம்பியை மாப்ளே. இடைவெளியை எண்ணு."

பக்கவாட்டுத் தகட்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன. கேப்டன் அவற்றைத் தடவிக் காட்டினார். "எதிரி சுட்டது. நான் குனிஞ்சேன், தப்பிச்சேன்." மாமனாருக்குக் கண் கலங்கியது. சர்வேயர் ஓட்டையின் வெளிப்பக்கம் விரலை வைத்துப் பார்த்தார், பிறகு உள்பக்கமும் தடவினார். வெளியே தகட்டின் விளிம்பு கூராக நீட்டிக்கொண்டிருந்தது, உள்ளே வழவழவென்று இருந்தது. "ம்" என்றார், அவ்வளவுதான்.

மிதிகள் மூன்றிலும் கனமான மரக்கட்டைகள் திருகாணி போட்டு முடுக்கப்பட்டிருந்தன. ஏன் என்று மச்சினன் கேட்டான். போர்க்களச் சேற்றில் கால் வழுக்காமல் இருக்க என்றார் கேப்டன்.

மாமனார் டிரைவர் சீட்டைத் தூக்கிக் காட்டினார். அடியில் பெட்ரோல் டேங்கின் மூடி இருந்தது. "ரொம்பப் பேருக்கு இது தெரியாது. டேங்க் சீட்டுக்கு அடியில."

"பெட்ரோல் போடும்போதெல்லாம் தொந்தரவுதான், இல்லீங்களா?" என்று சர்வேயர் கேப்டனைக் கேட்டார்.

"எனக்கென்ன தொந்தரவு? இத்தனை வருஷத்துல பங்க்ல நான் ஒரு தடவைகூட சீட்டை விட்டு எழுந்ததில்லை" என்று கேப்டன் மீசையை நீவிவிட்டார்.

பின்பக்கத் தரையில் மண் சிந்திக் கிடந்தது. அதிலிருந்து நாற்று வைக்கும் கறுப்பு பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்து சர்வேயர் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வண்டிப் பேப்பர்கள் எங்கே என்று கேட்டபோது, வீட்டில் பத்திரமாக இருப்பதாகக் கேப்டன் சொன்னார். ராணுவ வீரரிடம் போய்ப் பேப்பர் கேட்பதா என்று மாமனார் கோபித்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஷெட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மாமனார் கையில் கார் சாவி. மாட்டு டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. சர்வேயர் மட்டும் தாமதமாக ஆட்டோவில் வந்து, ஆட்டோவை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

"ஜீப் டூப்ளிகேட்தானே அத்தான்?" என்றான் மச்சினன்.

"ஜீப் அசல். ஆள்தான் டூப்ளிகேட்."

கேப்டன் தொண்டையைக் கனைத்தார். சர்வேயர் குரலை உயர்த்தாமல் தொடர்ந்தார்.

"வெளியிலேர்ந்து குண்டு வந்தா தகடு உள்பக்கமா மடங்கும். இங்க வெளிப்பக்கமா மடங்கியிருக்கு. எதிரி ஜீப்புக்குள்ள உக்காந்து சுட்டாத்தான் இப்படி ஆகும். இல்லைன்னா யாரோ உள்ள உக்காந்து ஆணியும் சுத்தியலும் வச்சு அடிச்சிருக்கணும்."

மாமனார் ஓட்டைகளைக் குனிந்து பார்த்தார்.

"பெட்ரோல் விஷயத்துல பொய் சொல்லி மாட்டிக்கிட்டார்" என்று மச்சினன் துள்ளினான். "டேங்க் சீட்டுக்கு அடியில. எழுந்திருக்காம எப்படிப் போடறது?"

"இல்ல மாப்ளே, அவர் சொன்னதுலேயே அது ஒண்ணுதான் நிஜம். டிரைவர்தான் எழுந்திருக்கணும். பக்கத்து சீட்ல இருக்கறவர் எதுக்கு எழுந்திருக்கணும்? இவர் இந்த ஜீப்பை ஓட்டினதே இல்ல. ஓட்டறவங்க குள்ளம், கால் எட்டாது, அதான் மிதியில கட்டை. ஓட்டறவங்க நாத்து ஏத்திட்டுப் போறவங்க. செடி நர்சரிக்காரங்கள்ல ஜீப் ஓட்டறது யாருன்னு ஒரு கடையில விசாரிச்சேன், கேட்டு முடிக்கறதுக்குள்ள வழி சொல்லிட்டாங்க."

ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த அம்மாள் கேப்டனின் இடுப்பு உயரத்துக்குச் சற்று மேல். கேப்டனின் மீசை அந்த நிமிடமே தொங்கிவிட்டது.

"பெயின்ட் அடிக்கத்தானே எடுத்துட்டு வரச் சொன்னீங்க?" என்றார் அந்த அம்மாள். "எங்க அப்பா எனக்குன்னு ஏலத்துல எடுத்துக் கொடுத்த ஜீப்புங்க. இதை விக்கறதுக்கு நீங்க யாரு?"

கேப்டன் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். மீசையைப் பார்த்துத் தெரு வைத்த பெயரை அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இப்போது அவர் யாரையும் பார்க்காமல் பேசினார்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. கல்யாணமான நாள்லேர்ந்து இவ ஓட்டுவா, நான் பக்கத்துல உக்காருவேன். கிளட்சும் கியரும் எனக்குப் பிடிபடல. ஆட்டோமேட்டிக் கார்னா யாருக்கும் தெரியாம பழகிக்கலாம்னு நினைச்சேன். ஒரு தடவையாவது இவளை உக்கார வச்சு நான் ஓட்டிட்டுப் போகணும்."

அந்த அம்மாள் தகட்டில் இருந்த ஓட்டை ஒன்றில் விரலை விட்டுப் பார்த்தார்.

"அதுக்கு என் ஜீப்புல ஓட்டை போடுவீங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார். குரல் முன்பு இருந்த மாதிரி இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன?"

"கேட்டா சிரிப்பே."

"சிரிப்பேன்தான். சிரிச்சு முடிச்சுட்டு சொல்லிக் கொடுத்திருப்பேன்."

மாமனார் கார் சாவியை மருமகளிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. "விடுங்க மாமா" என்றாள். அவர் சர்வேயர் பக்கம் திரும்பி, "ஜீப் அசல்தானே சார்? நான் தப்பாப் பாக்கலையே?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஜீப்பைப் பொறுத்தவரைக்கும் நீங்க சொன்னது அத்தனையும் சரி."

"அப்ப ஏறுங்க அண்ணே, பின்னாடி இடம் இருக்கு" என்றார் அந்த அம்மாள். மாமனார் இரண்டாம் தடவை சொல்ல வைக்கவில்லை. அந்த அம்மாள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டு, கணவரிடம் டிரைவர் சீட்டைக் காட்டினார். "உக்காருங்க. நான் சொல்றப்ப மிதிங்க, சொல்றப்ப விடுங்க."

ஜீப் குலுங்கி நின்றது. மறுபடியும் குலுங்கி நின்றது. மாட்டு டாக்டருக்குப் போன் வந்தது, அவள் தன் காரில் ஏறிப் பறந்தாள். மூன்றாவது முறை ஜீப் ஆட்டிக்கொண்டே ஷெட்டை விட்டு வெளியே போனது. பின்னால் மாமனார் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

தெருமுனையில் கேப்டன், "எந்தப் பக்கம் திருப்பணும்?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "உங்க இஷ்டம்" என்றார்.