காகத்துக்குக் கீழே

நாளைமானியின் தொப்பியை டாக்டர் பத்மநாபன் தலையில் பேச்சியம்மாளே மாட்டினாள். பட்டையை வேண்டுமென்றே ஒரு பிடி கூடுதலாக இறுக்கினாள்.

"மெதுவாம்மா, வலிக்குது."

"ரெண்டு நிமிஷம்தான் சார். பொறுத்துக்குங்க."

ஒரு மூளை எத்தனை நாள் தள்ளித் திட்டம் போடுகிறது என்பதை நாளைமானி அளக்கும். கல்லூரி இடம், வேலை, பதவி எல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான். ஒப்பிட்டுப் பார்க்கத் தேர்வுக்கூடத்தில் ஒரு காகம் உண்டு. நாளை தீனிப்பெட்டியைத் திறக்க இன்றே கம்பியை ஒளித்து வைக்கும் காகம். அதன் எண் ஒன்றரை நாள். அதற்குக் கீழே போனவருக்கு எங்கும் இடமில்லை.

ஒன்பது வருடங்களுக்கு முன் இதே நாற்காலியில் பேச்சியம்மாளுக்கு வந்தது அரை நாள். அவள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள். மூன்று பேருந்து மாறி வந்தவளின் மண்டையில், திரும்பிப் போகக் கடைசி வண்டி கிடைக்குமா என்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. தேர்வுக் குழுத் தலைவர் பத்மநாபன் காகத்தின் கூண்டைக் காட்டினார்.

"கொஞ்ச நாள் இதுகிட்ட டியூஷன் படிச்சிட்டு வாம்மா."

பக்கத்திலிருந்த குழு உறுப்பினர்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூண்டு கழுவ யாரும் எண் கேட்பதில்லை. அந்த வேலையில் சேர்ந்தாள். எண் கேட்காத அஞ்சல்வழியில் பட்டம் வாங்கினாள். நாளைமானியைத் துடைத்துத் துடைத்தே இயக்கப் பழகினாள். குழுத் தலைவர்களையும் அளக்க வேண்டும் என்று மனு மேல் மனு போட்டாள். போன மாதம் அது விதியானது.

பத்மநாபனின் அடுத்த வாரத்தையும் அடுத்த வருடத்தையும் அவருக்குப் பதிலாக அவருடைய துணைமதிக் கருவியே யோசித்துவிடும். திரையில் எண் எழுந்தது: நான்கு மணி நேரம். மதியச் சாப்பாடு வரை.

"மெஷின்ல கோளாறு! திரும்பப் போடு!"

"காக்காவுக்குச் சரியாத்தானே காட்டுது? கொஞ்ச நாள் இதுகிட்ட டியூஷன் படிச்சிட்டு வாங்க சார்."

வரிசையில் நின்ற மாணவர்கள் சிரித்தார்கள். பதவி அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவர் வெளியேறினார்.

கூடம் காலியானதும் பேச்சியம்மாள் தொப்பியைத் தானே மாட்டிக்கொண்டாள். ஒன்பது வருடம் திட்டம் போட்ட மண்டை. எவ்வளவு காட்டும்?

சுழியம்.

யோசித்துப் பார்த்தாள். வேண்டியது கிடைத்துவிட்டது. நாளைக்கென்று எதுவுமே மிச்சமில்லை. கூண்டுக்குள் காகம் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது.

அப்போதுதான் அன்று சிரித்த அந்த இருவர் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் டெல்லிக்கு மாறிப் போய்விட்டார். மற்றவர் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார்.

எண் ஏறத் தொடங்கியது.