ஸ்காட்லாந்து ஆயரும் காணாமல் போன மரமும்

2005, மே மாதம். காலை ஒன்பது மணி.

மரக்காணம் மாதா கோயில் கிடங்கைத் திறந்தால் உள்ளே வெறும் தரை. சுனாமியில் வீடிழந்த அனுமந்தைக் குப்பத்துக்காரர்களுக்குக் கூரை போட வந்த மரச்சட்டங்களில் ஒன்றுகூட இல்லை. சீ! எழவு வீட்டிலும் கை வைக்கிற ஜென்மங்கள்!

பூட்டு உடையவில்லை. சாவி இரண்டே பேரிடம். ஒருவன் காவல்காரன் பக்கிரி, அனுமந்தை மீனவன். இன்னொருவர் நிவாரணக் கமிட்டித் தலைவர் சாலமன். உப்பளக்காரர், கடல் ஏறி உப்பு மொத்தமும் கரைந்துபோனதென்று நஷ்டஈடு வாங்கியவர், பெரிய மனுஷர். ஊர் யாரைக் கைகாட்டும்? பக்கிரி லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி தெய்வநாயகியோடு குப்பத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாவி வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவனை மட்டும் உள்ளே வைத்தது எஸ்.ஐ. சூர்யகலாவுக்குச் சகிக்கவில்லை. அவளும் உப்பளக் குடும்பத்துப் பெண்தான். நேரே சாலமனின் உப்பளத்துக்குப் போனாள்.

அங்கே கொட்டகையில் நாடக ஒத்திகை. எழுநூறு வருஷத்துக்கு முந்தி, இங்கிலாந்து ராஜாவை எதிர்த்து நின்ற ஸ்காட்லாந்து ஆயர் ஒருவரின் கதை. பங்குச் சாமியார் எழுதியது. ஊதா அங்கி போட்டுக்கொண்டு ஆயராக நின்றவர் சாலமன்.

"யார் மேலங்க சந்தேகம்?"

"பக்கிரிதாம்மா. சாவி அவன்கிட்டதானே?"

"உங்ககிட்டயும் இருக்குதே?"

"ஏம்மா, நான் போய் மரம் திருடுவேனா?" என்று சிரித்தார்.

வெளியே உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லார் உப்பும் வெயிலில் திறந்து கிடக்க, சாலமனின் ஒரு குவியல் மட்டும் கீற்று போட்டு மூடியிருந்தது. அன்று வாரிய உப்பைக்கூட ஆட்கள் அதில் கொட்டாமல் தள்ளிக் கொட்டினார்கள்.

"அது மட்டும் ஏங்க மூடி கிடக்குது?"

"போன வருஷத்து உப்பு. விலை ஏறட்டும்னு வச்சிருக்கேன்."

சூர்யகலா கான்ஸ்டபிள்களைப் பார்த்தாள். "கீத்தைப் பிரிங்கப்பா."

உள்ளே உப்பே இல்லை. அத்தனை மரச்சட்டமும் குவியல் மாதிரியே அடுக்கிக் கிடந்தது. வாரிய ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குக் கூலி கொடுப்பவர் சாலமன்.

"டிசம்பர்லயே கடல் வந்து அத்தனையும் கரைச்சிடுச்சின்னு நஷ்டஈடு வாங்கினீங்க. அப்புறம் போன வருஷத்து உப்பு எங்கேர்ந்துங்க வந்துச்சு?"

சாலமன் அங்கியின் நுனியைத் திருகினார். அப்போதும் வாய் அடங்கவில்லை. "இந்த ஆயர் மட்டும் என்ன செஞ்சாரு? கோயில் மணிக்கூண்டுக்குன்னு இங்கிலாந்து ராஜா குடுத்த மரத்துல கோட்டை இடிக்கிற பொறி செஞ்சாரே! அது மட்டும் சரியா?"

சூர்யகலா ஒரு எட்டு முன்னே வைத்தாள்.

"தூ! அவரு தன் நாட்டுக்குன்னு செஞ்சாரு. விலங்கு பூட்டி வருஷக்கணக்கா ஜெயில்ல போட்டாங்க. கண்ணு போய்தான் வெளிய வந்தாரு. தான் செஞ்சதுக்குத் தானே உள்ள போனாருய்யா. நீ செஞ்சதுக்கு பக்கிரி போயிருக்கான். கழட்டு அந்த அங்கியை!"

சாயந்திரம் லாக்கப்பைத் திறந்தாள். பக்கிரி எழுந்திருக்காமல் வாசலையே பார்த்தான். தெய்வநாயகி மட்டும் நின்றிருந்தாள்.

"புடிச்சிக்கிட்டு வந்தப்ப ஊரே நின்னு வேடிக்கை பார்த்துச்சும்மா. விடுறப்ப ஒருத்தரையும் காணோமே" என்றான்.

சூர்யகலா ஜீப்பை எடுக்கச் சொன்னாள். "ஏறுங்க ரெண்டு பேரும். குப்பத்து நடுவுல எறக்கிவிட்டு, திருடன் யாருன்னு நானே என் வாயால சொல்லிட்டு வர்றேன்."